கோலாலம்பூரிலிருந்து திருச்சி, நான்கு மணி நேரம்

எங்கள் ஊரில் ஆலங்குடி பஸ் பிடிக்க வேண்டுமென்றால் நடுத்தெருவில் நேராக நடந்தால் போதும். முனியசாமி சார் மட்டும் இப்போது கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். யாராவது கேட்டால், "சுகருக்கு நடக்குறேன்ப்பா" என்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. நான் அடுத்த வீட்டுக்காரன், எனக்குத் தெரியாதா? காபியில் இவ்வளவு சீனி எதுக்கு என்று அவர் மனைவி செவந்தி அக்கா அவரைச் சத்தம் போடுவது தினமும் என் காதில் விழுகிறது. நடுத்தெருவில் சேரன் வீடு இருக்கிறது. அந்த வீட்டைத் தாண்டக் கூசித்தான் அறுபது வயதைத் தாண்டிய மனிதர் கொளுத்துகிற வெயிலில் கரைமேல் நடக்கிறார்.

அவரைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்ல முடியாமல் போய்விடும்.

நிலக்கடலை விதைத்துப் பிழைத்த குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். புதுக்கோட்டையில் படித்து, திருச்சியில் பி.எட். முடித்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே பூகோள வாத்தியாராக வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் ஆப்பிரிக்காவைப் பாதிக்கு மேல் கரப்பான் தின்றிருந்தது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தவர், திருச்சிக்குப் போய்ச் சொந்தமாக ஓர் உருண்டை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர் அதைத் தர்பூசணி என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோதும் அந்த உருண்டை கூடவே வந்துவிட்டது. இன்றைக்கும் அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கிறது.

அந்த உருண்டையோடு ஒரு நூலும் உண்டு. எங்கள் ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குக் கிளம்பிய காலத்தில், போகிறவன் முதலில் சாமி கும்பிடுவான், அடுத்து முனியசாமி சார் வீட்டுக்குப் போவான். சார் நூலின் ஒரு முனையைத் திருச்சியில் அழுத்திப் பிடித்து, இன்னொரு முனையைத் துபாயிலோ குவைத்திலோ வைத்து, இழுத்துப் பிடித்து, அந்த நீளத்தை அப்படியே பூமத்திய ரேகைமேல் படுக்க வைத்துக் கணக்குச் சொல்வார். இத்தனை கிலோமீட்டர், விமானம் மணிக்கு இவ்வளவு போகும், இத்தனை மணி நேரத்தில் இறங்குவாய். அப்புறம் அங்கே மணி என்ன என்பது. அதற்கும் அவரிடம் ஒரு சூத்திரம் இருந்தது. "ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். கிழக்கே போனா கூட்டு, மேற்கே போனா கழி." இதை அவர் எத்தனை தடவை சொன்னாரோ, பையன்கள் அவருக்கு 'நாலு நிமிஷம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கடகரேகையை இலங்கைக்குக் கீழே வரைந்ததற்காக அவர் கையால் ஸ்கேல் அடி வாங்கியவன் நான். அந்தக் கோபத்தில் அந்தப் பெயரை ஊர் முழுக்கப் பரப்பினேன்.

இத்தனைக்கும் சார் விமானத்தில் ஏறியதே இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் வரும்போது விமான நிலையத்துச் சுவருக்கு மேலே ஏதாவது ஒரு விமானத்தின் வால் தெரியும். அவர் பார்த்தது அந்த வாலைத்தான். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. ஏறிப் போனவனே கீழே என்ன ஊர் வந்தது என்று தெரியாமல் தூங்கிக்கொண்டு போகிறான். இவர் வீட்டில் உட்கார்ந்தபடி, இப்போது அரபிக்கடல், இப்போது மஸ்கட் என்று சொல்கிறார். பிள்ளையை அனுப்பிவிட்டுச் சேதிக்குக் காத்திருக்கும் பெற்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ஓய்வுக்குப் பிறகு அவர் அந்த மரியாதையில்தான் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை. எல்லாருடைய கையிலும் போன் வந்துவிட்டது. தூரம் கேட்டால் தூரம் சொல்லும், நேரம் கேட்டால் நேரம் சொல்லும். சார் ஒத்துக்கொள்ள மாட்டார். "போன் என்னன்னு சொல்லும். ஏன்னு சொல்லுமா?" என்பார். பெரியவர்களுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவரிடமே கேட்டார்கள். துபாய்க்கு, குவைத்துக்கு அவர் சூத்திரத்தில் பத்து இருபது நிமிடம் முன்னே பின்னே வரும். அதை யார் கண்டார்கள்?

போன பங்குனியில் ராசாத்தி இறந்துபோனாள். நடுத்தெரு சேரனின் அம்மா. புருஷன் போன பிறகு முந்திரித் தோப்பை ஒற்றை ஆளாகக் காப்பாற்றி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மூத்தவன் சேரன் ஊரிலேயே விவசாயம். இளையவன் சிவபிரகாஷ் கோலாலம்பூரில் ஓர் ஓட்டலில் மாஸ்டர். ஊர்ப் பையன்கள் எல்லாம் மேற்கே போக, அவன் ஒருவன்தான் கிழக்கே போனவன். ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் அவனே போன் போடுவான். "ஆத்தா, சாப்பிட்டியா?" என்று அவன் கேட்பதும், "நீ சாப்பிட்டியாடா?" என்று இவள் திருப்பிக் கேட்பதும் ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சேதி போனதும் சிவபிரகாஷ் மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்து, அதைப் படம் பிடித்து சேரனின் மகள் இலக்கியாவுக்கு அனுப்பினான். "என் முகத்தைப் பாக்காம ஆத்தாளை எடுத்துறாதீங்க" என்று போனில் கதறினானாம். எங்கள் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் என்பது வழக்கம். கொள்ளி வைக்க வேண்டியவனே அவன்தான். ஐஸ் பெட்டி வந்தது. ராசாத்தியை அதில் வைத்து, சின்னவனுக்காகக் காத்திருந்தார்கள்.

சாதாரண நாளாக இருந்தால் சாயங்காலம் வரைக்கும்கூடக் காத்திருப்பார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக்கட்டு. ஊருக்குள் பிணம் கிடக்கும்போது கோயில் கதவைத் திறக்க மாட்டார்கள். எடுத்து முடித்து, தெருவெல்லாம் கழுவிவிட்டு, எல்லாரும் தலைமுழுகி, அதற்குப் பிறகுதான் காப்பு. ஊர்த் தலைவரான அம்பலம் சேவுகன் சனிக்கிழமை ராத்திரியே பந்தலில் வந்து உட்கார்ந்து முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஒன்றரை மணி வரைக்கும் பொறுக்கலாம்ப்பா. அதுக்கு மேல ஊரு தாங்காது. வருசத்துக்கு ஒரு காப்பு."

அதை இலக்கியா ராத்திரியே சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டாள். காலையில், அவன் விமானத்தில் ஏறிப் போன் அணைந்த பிறகு, அம்பலம் மறுபடி கேட்க, சேரன் அவளைக் கூப்பிட்டான். அவள் புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிற பெண். அழுது வீங்கிய முகத்தோடு போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அங்க ஒம்பதே முக்காலுக்குக் கெளம்புதுப்பா. திருச்சிக்கு பதினொன்னே கால். சித்தப்பா வெளிய வர அரை மணி நேரம். அங்கிட்டிருந்து டாக்ஸியில ஒன்றரை மணி நேரம். ஒன்னே காலுக்கெல்லாம் இங்க வந்துருவாங்க."

சேவுகனுக்கு மனசு சமாதானமாகவில்லை. ஊர்க் காரியம் ஒரு சின்னப் பெண்ணின் போனை நம்பி நிற்பதா? பந்தலில் முன்வரிசையில் முனியசாமி சார் உட்கார்ந்திருந்தார். "சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அந்த இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டார்களே. முப்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். இலக்கியாவின் போனை வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கி, டிக்கெட்டைப் பார்த்தார்.

"ஒம்பதே முக்காலுக்கு ஏறி பதினொன்னே காலுக்கு இறங்குறானா? ஒன்றரை மணி நேரத்துல மலேசியாவிலேருந்து திருச்சியா? ஏம்மா, நம்ம டவுன் பஸ்ஸு புதுக்கோட்டைக்குப் போறதுக்கே அவ்வளவு நேரம் ஆகுதே!"

சாவு வீடு என்று பாராமல் பந்தலில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

"இல்ல சார்," என்றாள் இலக்கியா. "போட்டிருக்குறது அந்தந்த ஊரு நேரம். மலேசியா நம்மளை விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அதைக் கழிச்சா..."

"கழிக்கணும்தான். எவ்வளவு கழிக்கணும்? அதுதான் கேள்வி." சார் அவளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். கையில் சாக்பீஸ் இல்லாததுதான் குறை. "நம்ம நேரம் எம்பத்திரண்டரை டிகிரிக்கு. கோலாலம்பூரு நூத்தியொன்னரை. ரெண்டுக்கும் பத்தொன்பது டிகிரிதான் வித்தியாசம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். ஆக ஒன்னே கால் மணி நேரம். எப்படிம்மா ரெண்டரை வரும்? ரெண்டரை மணி நேரம் முன்னாடின்னா அது மலேசியாவையும் தாண்டிக் கடலுக்குப் போயிரும்."

"சார், சித்தப்பா தினமும் போன் பண்றப்ப..."

"நீ உக்காரும்மா."

கடுமையாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னார். இலக்கியா போனை வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டாள்.

அவர் கணக்கை முடித்தார். தூரம் இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். விமானத்துக்கு நான்கு மணி நேரம். நம் நேரப்படி எட்டரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்குத் திருச்சி. சோதனையெல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி ஒன்று. ஊருக்குள் நுழைய இரண்டரை ஆகிவிடும்.

சேரன் அவர் முன்னால் வந்து நின்றான். கைலியும் துண்டுமாக, இரவெல்லாம் விழித்த கண். "சார், எப்படியாச்சும் ஒன்றரைக்குள்ள வந்துர மாட்டானா?"

"முடியாதுப்பா," என்றார் சார். "பூமி வேகமாச் சுத்தினாத்தான் உண்டு."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இப்போதும் தோன்றும். கணக்கு தப்பலாம், யாருக்கும் தப்பும். தாயை இழந்து நிற்கிறவனிடம் ஒரு சாமர்த்தியம் எதற்கு?

எப்படியும் வந்து சேரப் போவதில்லை என்றான பிறகு ஒன்றரை வரை எதற்காகக் காத்திருப்பது? பன்னிரண்டு மணிக்கே எடுத்துவிடலாம் என்றார் சேவுகன். குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். கொட்டுக்காரர்கள் வேகம் எடுத்தார்கள். வேட்டு வெடித்தது. வேறு வழியில்லாமல் சேரன் தம்பிக்குப் பதிலாகத் தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியைத் தூக்கினான்.

சிவபிரகாஷ் விமானத்தை விட்டு இறங்கியபோது பதினொன்றே கால். இலக்கியா சொன்ன அதே நேரம்.

அவனுடைய மலேசியா சிம் இங்கே வேலை செய்யவில்லை. டாக்ஸி டிரைவரின் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டான். சேரனின் போன் உள் அறையில் சார்ஜில் கிடந்தது. இலக்கியாவைக் கூப்பிட்டான். அவள் அப்பத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கொட்டுச் சத்தத்தில் எந்த மணி கேட்கும்? கடைசியாக, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மனப்பாடமாக இருந்த ஒரு நம்பரைக் கூப்பிட்டான். அந்த போன் சார் சட்டைப்பையில் இருந்தது. சாவு வீட்டில் மணி அடித்தால் மரியாதையாக இருக்காதென்று அவர் அதன் வாயை அடைத்து வைத்திருந்தார். முதல் தடவை அவன் கூப்பிட்டபோது பாடையை இன்னும் தூக்கவில்லை.

எல்லாம் முடிந்து, ஆண்கள் சுடுகாட்டுக்குப் பக்கத்துப் பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சார் சட்டையைக் கழற்றி வேலியில் போடுவதற்கு முன்னால் போனை வெளியே எடுத்தார். தெரியாத நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள். யாராக இருக்கும் என்று அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே மண் ரோட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு டாக்ஸி வந்து நின்றது.

சிவபிரகாஷ் இறங்கினான். நான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். உடம்பு போட்டிருந்தான். ஓட்டல் பனியன் மேலே ஒரு சட்டை, அதில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறான். காலிப் பந்தலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். யாரிடமும் பேசாமல் நேராகச் சுடுகாட்டுப் பக்கம் நடந்தான். வறட்டி எரிந்துகொண்டிருந்தது. மேலே பூசிய மண் வெடித்துப் புகை வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். எங்கள் யாருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக் கை வரவில்லை.

திரும்பி வந்தான். "மணி ஒன்னே கால்தானே ஆகுது," என்றான். "ஒன்றரை வரைக்கும் வச்சிருப்பீங்கன்னு எலக்கியா சொன்னாளே."

எல்லாருடைய கண்ணும் ஒரு பக்கமாகப் போனது. முனியசாமி சார் வெற்றுடம்போடு, ஒரு கையில் சட்டையும் ஒரு கையில் போனுமாக நின்றார். சேரனின் முகம் அவர் பக்கம் திரும்பியது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மழித்த தலையில் நரம்பு புடைத்திருந்தது.

"சார்தான் கணக்குப் போட்டுச் சொன்னாரு," என்றார் சேவுகன், மெல்ல. "நீ ரெண்டரைக்குத்தான் வருவேன்னு."

சிவபிரகாஷ் அண்ணனைப் பார்த்தான். சாரைப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"சார் கணக்கு சரியாத்தான் இருக்கும். இன்னைக்கு ப்ளைட்டு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துருச்சு. பின்காத்துன்னு சொன்னாங்க."

எல்லாரும் மூச்சு விட்டோம். அப்படியா, அப்படியா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சேரன் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். பின்காற்று ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தாது என்று சாருக்குத் தெரியும். அது அப்படி இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்ற நீட்டிய கையாக அந்தப் பேச்சை அவசரமாகப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். சார் கோயிலுக்கு வரவில்லை. வீட்டில் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் செவந்தி அக்கா பிற்பாடு சொன்னார். தன் பட்டன் போன் இதற்கு ஆகாதென்று பேரனின் பழைய போனை எடுத்து, அதில் கோலாலம்பூரில் இப்போது மணி என்ன என்று பார்த்தாராம். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். இரண்டரை மணி நேரம். மறுபடி பார்த்தாராம். தப்பு எங்கே என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. சூரியன் ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும், அது சரி. ஆனால் கடிகாரத்தை வைப்பது சூரியன் இல்லை, அரசாங்கம். மலேசியாக்காரர்கள் தங்கள் கடிகாரத்தைச் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். குஜராத்துக்கும் அருணாசலத்துக்கும் சூரியன் இரண்டு மணி நேரம் வித்தியாசப்பட்டாலும் கடிகாரத்துக்கு ஒரே மணிதான் என்று வருடா வருடம் எங்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். பரீட்சையில் அதற்கு ஐந்து மார்க். தான் கேட்ட கேள்விக்கே அவர் தப்பாகப் பதில் எழுதிவிட்டார்.

"ஒரு பொண்ணு வந்து சொன்னாளே, கேட்டிருக்கக் கூடாதா?" என்று செவந்தி அக்கா கேட்டது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

ஊருக்குள் கதை வேறு விதமாக வளர்ந்தது. பெற்றவளின் முகத்தைப் பார்க்கட்டும் என்று விமானமே வேகமாக வந்ததாம். அதற்குள் ஊர் அவசரப்பட்டுவிட்டதாம். டீக்கடையில் ஒருவர், சார் கணக்குப்படி பன்னிரண்டரைக்கு வர வேண்டிய விமானத்தை ராசாத்தி ஆவியாகப் போய் இழுத்துக்கொண்டு வந்தாள் என்றுகூடச் சொன்னார். எந்தக் கதையைச் சொன்னாலும் அதில் சாரின் கணக்கு மட்டும் அசையாமல் சரியாக இருந்தது. அவர் காது பட இதைப் பேசினார்கள். பெருமையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள். அவர் சாப்பாடு பாதியானது.

காரியம் முடிந்த மறுநாள், மலேசியாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் சிவபிரகாஷ் அவர் வீட்டுக்கு வந்தான். நான் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். சார் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, தான் இல்லை என்று சொல்லச் சொன்னார்.

"பொய் சொல்ல என்னால ஆகாது," என்றார் செவந்தி அக்கா, வாசலுக்கே கேட்கும்படி. "நீங்களே எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க."

வெளியே வந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன்தான் முதலில், கிளம்புறேன் சார், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் என்றான். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"பிரகாஷு, அன்னைக்கு ப்ளைட்டு முன்னாடி வரலை. சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு. நான்தான்..."

"தெரியும் சார்."

சார் நிமிர்ந்தார்.

"பன்னெண்டு வருசமா அங்க இருக்கேன். ரெண்டரை மணி நேரம்னு எனக்குத் தெரியாதா? டெய்லி ஆத்தாளுக்குப் போன் போடுறப்ப அதைக் கழிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

"அப்ப ஏன்ப்பா அப்படிச் சொன்னே?" என்றார் சார். "எனக்காக நீ எதுக்குப் பொய் சொன்னே?"

"ஒங்களுக்காகச் சொல்லலை சார்," என்றான் சிவபிரகாஷ். கோபமே இல்லாமல்தான் சொன்னான். "அண்ணன் மொகத்தைப் பாத்தேன். அடிச்சே போட்டிருப்பான். ஆத்தா எரியுறப்ப அங்க நின்னு அடிச்சுக்கணுமா? ஆத்தாளுக்காகச் சொன்னேன்."

செவந்தி அக்கா கொண்டுவந்த காபியை முழுக்கக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். வாசற்படி இறங்கியவன் திரும்பி நின்று, "எலக்கியாளை ஒக்காரச் சொல்லிட்டீங்களாமே சார். கேட்டிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சார் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் வண்டியைத் துடைப்பது போலவே நின்றேன். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு நடுத்தெருவுக்குக் கிளம்பினார். சேரனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். துணைக்கு என்னையும் வரச் சொன்னார். அடித்தால் தடுக்கவா என்று கேட்டேன். "தடுக்க வேணாம்" என்றார்.

சேரன் வாசலில் முந்திரிக்கொட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தான். "வாங்க சார், வாங்க. வெயில்ல எதுக்கு நடந்து வர்றீங்க? ஆள் அனுப்பினா நான் வந்திருப்பேன்ல."

"சேரா, ஒன்னு சொல்லணும்." சார் நின்றபடியே சொன்னார். "அன்னைக்கு நான் போட்ட கணக்கு தப்பு. ப்ளைட்டு சரியாத்தான் வந்துச்சு. எம் பேச்சைக் கேட்டுத்தான் நீங்க முன்னாடியே எடுத்துட்டீங்க. ஒங்க தம்பி ஆத்தா மொகத்தைப் பாக்காததுக்கு நான்தான் காரணம்."

சேரன் அவரை உற்றுப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பிறகு அவன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க சார். காத்தடிச்சு ப்ளைட்டு முன்னாடி வந்தா அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? தம்பியே சொல்லிட்டானே. ஒங்க கணக்கா தப்பும்? பழியை நீங்க எடுத்துக்கிட்டா எங்க மனசு ஆறும்னுதானே இப்படிச் சொல்றீங்க? பெரிய மனசு சார் ஒங்களுக்கு."

"இல்லைப்பா, நெசமாவே..."

"எலக்கியா!" சேரன் வீட்டுக்குள் திரும்பிக் கூப்பிட்டான். "சார் வந்திருக்காரு பாரு. நாற்காலி எடுத்துட்டு வா. காபி போடச் சொல்லு."

இலக்கியா நாற்காலியோடு வந்தாள். சார் அவளைப் பார்த்தார். அவள் ஒருத்தி சொன்னால் சேரன் நம்புவான். நீயாவது சொல்லிவிடம்மா என்று கெஞ்சுகிற பார்வை அது. அவள் நாற்காலியை அவர் முன்னால் விரித்துப் போட்டாள். துணியால் ஒரு துடை துடைத்தாள்.

"நீங்க உக்காருங்க சார்," என்றாள்.

சார் உட்காரவில்லை. மறுநாளிலிருந்துதான் கண்மாய்க்கரை வழியாகப் போகிறார்.